தானியங்கிக் காட்டுயிர்க் கண்காணிப்பு

தானியங்கிக் காட்டுயிர்க் கண்காணிப்பு என்பது மனிதர் அருகில் இல்லாத வேளையில், காட்டில் பொருத்தி வைக்கப்பட்ட கருவிகள் தாமாக எடுக்கும் நிழற்படங்களையும் பதிவு செய்யும் ஒலிகளையும் கொண்டு விலங்குகளின் இருப்பு, எண்ணிக்கை, நடமாட்டம், நடத்தை ஆகியவற்றை அறியும் முறை ஆகும். இதில் இரு வகைக் கருவிகள் முதன்மையானவை. ஒன்று, விலங்கு கடந்து செல்லும்போது தானாக இயங்கிப் படம் எடுக்கும் தானியங்கி நிழற்படக் கருவி. தமிழ்ச் செய்தித்தாள்களில் இது தானியங்கி கேமரா என்று குறிக்கப்படுகிறது. மற்றொன்று, முன்கூட்டியே குறிக்கப்பட்ட நேரங்களில் சூழலின் ஒலியைப் பதிவு செய்யும் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி.

இக்கருவிகள் விலங்குகளை எண்ணித் தருவதில்லை. ஒரே புலி நூறு படங்களில் இடம்பெறலாம். ஒரு படத்திலும் சிக்காத புலியும் அதே காட்டில் இருக்கலாம். படங்களிலிருந்தும் ஒலிகளிலிருந்தும் நம்பத்தக்க எண்ணைப் பெறுவதற்குப் புள்ளியியல் முறைகள் தேவைப்படுகின்றன.

வரலாறு

விலங்கே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர், விலங்கின் கால் பட்டு இழுபடும் கம்பியுடன் கேமராவையும் ஒளிவீசும் மக்னீசியப் பொடியையும் இணைத்து இரவில் மான்களைப் படம் எடுத்தார். 1906 ஆம் ஆண்டில் நேசனல் சியாகிரபிக் இதழ் இவரது 74 படங்களை வெளியிட்டது. 1927 ஆம் ஆண்டில் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இதே முறையால் காட்டுப்பாதைகளில் நடமாடும் விலங்குகளைப் பதிவு செய்தார்.

இந்தியாவில் இம்முறைக்கு முன்னோடி, ஐக்கிய மாகாணத்தில் வன அலுவலராகப் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன் ஆவார். இவர் 1920களில் இழுகம்பி கேமராக்களைக் கொண்டு புலிகளைப் படம் எடுத்தார். 1927 ஆம் ஆண்டில் இப்படங்கள் நூலாக வெளிவந்தன. வரிகளைக் கொண்டு ஒரு புலியை மற்றொரு புலியிலிருந்து பிரித்தறிய முடியும் என்பதை இவரது படங்கள் காட்டின. எனினும் இவ்வுண்மை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தப்படவில்லை.

அகச்சிவப்பு உணரியுடன் கூடிய கேமராக்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. அவை 36 படங்கள் கொண்ட படச்சுருளைப் பயன்படுத்தின. காற்றில் ஆடும் ஒரு புல்கற்றையே ஒரு சுருளை ஒரே பிற்பகலில் தீர்த்துவிடக்கூடும். 2000களில் எண்ணிமக் கேமராக்கள் வந்த பின்னர் இத்தடை நீங்கியது.

கால்தடக் கணக்கெடுப்பும் சரிசுகாவும்

1960களில் ஒடிசாவைச் சேர்ந்த வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி, கால்தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை உருவாக்கினார். வனப் பணியாளர்கள் புலியின் தடத்தின் மீது கண்ணாடியை வைத்து அதன் வடிவை வரைந்தனர். சாந்து வார்ப்பும் எடுத்தனர். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தன்மை உடையது, காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடங்களும் கண்டறியப்பட்டுவிடும் என்னும் இரு எடுகோள்கள் இம்முறைக்கு அடிப்படையாக இருந்தன. மண்ணின் ஈரம், புலியின் நடைவேகம், வரைபவரின் கை ஆகியவற்றுக்கு ஏற்பத் தடத்தின் வடிவம் மாறுவதால் முதல் எடுகோள் கேள்விக்குள்ளானது. பாறை நிலத்தில் தடமே பதியாது என்பதால் இரண்டாவதும் நிலைக்கவில்லை.

இக்குறைபாட்டின் விளைவு ராஜஸ்தானிலுள்ள சரிசுகா புலிகள் காப்பகத்தில் வெளிப்பட்டது. 2004 ஆம் ஆண்டுக் கணக்கில்கூட அங்கு பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் காட்டப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஒரு புலியும் இல்லை என்பது தெரியவந்தது. திருட்டு வேட்டையே காரணம் என விசாரணைகள் கூறின. கணக்கில் புலிகள் இருந்ததால் அவை அழிந்துகொண்டிருந்தது உரிய காலத்தில் தெரியவில்லை. அதே ஆண்டு நடுவண் அரசு அமைத்த, சுனிதா நாராயண் தலைமையிலான புலிகள் பணிக்குழு கணக்கெடுப்பு முறையை மாற்றப் பரிந்துரைத்தது. 2006 ஆம் ஆண்டு முதல், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தானியங்கி கேமராக்களைப் பயன்படுத்தும் அகில இந்தியப் புலிகள் மதிப்பீடு நடைபெற்று வருகிறது. சரிசுகாவில் 2008 ஆம் ஆண்டு முதல் ரந்தம்போரிலிருந்து புலிகள் கொண்டுவரப்பட்டு மீண்டும் குடியேற்றப்பட்டன.

தானியங்கி கேமரா

அமைப்பும் செயற்பாடும்

தானியங்கி கேமராவில் வில்லை, அகச்சிவப்பு உணரி, ஒளிவீசி, கடிகாரம், நினைவக அட்டை, மின்கலங்கள் ஆகியன நீர்புகாப் பெட்டியில் அடங்கியிருக்கும். பரவலாகப் பயன்படும் உணரி, கதிர் எதையும் தானே வெளியிடாமல், தன் எதிரிலுள்ள பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சில் ஏற்படும் திடீர் மாற்றத்தை மட்டும் உணர்கிறது. எனவே அது உணர்வது விலங்கை அன்று. சூழலின் வெப்பநிலையிலிருந்து வேறுபட்ட ஒரு பொருள் நகர்வதையே உணர்கிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

- கோடை நண்பகலில் சூழலின் வெப்பநிலை விலங்கின் உடல் மேற்பரப்பு வெப்பநிலையை நெருங்கும்போது கருவி இயங்கத் தவறலாம்.
- பாம்பு, பல்லி, தவளை போன்றவற்றின் உடல் வெப்பம் சூழலை ஒத்திருப்பதால் அவை பெரும்பாலும் பதிவாவதில்லை.
- வெயிலில் சூடேறிய இலைகள் காற்றில் அசைந்தால் விலங்கு இல்லாமலேயே படங்கள் எடுக்கப்படும்.

இரவில் படம் எடுக்க வெண்ணிற ஒளிவீசியோ அகச்சிவப்பு விளக்கோ பயன்படுகிறது. வெண்ணிற ஒளியில் வரிகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் விலங்கு மிரளக்கூடும். அகச்சிவப்பு ஒளி விலங்கைக் குறைவாகவே தொந்தரவு செய்யும். ஆனால் படம் கறுப்பு வெள்ளையாக, சற்று மங்கலாக அமையும்.

களத்தில் பொருத்துதல்

புலிகளுக்கான ஆய்வில் கேமராக்கள் காட்டுப்பாதைகளின் இருபுறமும் எதிரெதிராக, ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் பொருத்தப்படுகின்றன. ஒரு புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்று போல் இருப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் படமானால், இரு வேறு இடங்களில் எடுக்கப்பட்ட இடப்பக்கப் படமும் வலப்பக்கப் படமும் ஒரே புலியினுடையவையா என்று கூற இயலாது. இரண்டு கேமராக்களும் நேர்க்கோட்டில் இராமல் சற்று விலகி அமைவதால் ஒன்றின் ஒளி மற்றொன்றின் படத்தைக் கெடுப்பதில்லை.

கருவிகளை யானைகள் பிடுங்கி எறிவதும், எறும்புகள் பெட்டிக்குள் கூடு கட்டுவதும், ஈரம் புகுவதும், திருட்டும் களத்தில் வழக்கமான இடையூறுகள். இவற்றினும் எளிதில் கவனத்தைத் தப்புவது கடிகாரப் பிழை. மின்கலம் மாற்றும்போது சில கருவிகளில் நாளும் நேரமும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பின் எடுக்கப்படும் படங்கள் எந்த நாளுக்குரியவை என்பது தெரியாமற்போகும். ஆகவே கருவியைப் பொருத்தியவுடன் இடத்தின் எண், நாள், நேரம் ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதி அக்கருவியின் முன் பிடித்து முதற்படம் எடுப்பது நல்ல வழக்கம்.

எண்ணிக்கையை மதிப்பிடுதல்

கர்நாடகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் உல்லாஸ் காரந்த், நாகரகொளேயில் எடுத்த படங்களைக் கொண்டு புலிகளின் தொகையை மதிப்பிடும் ஆய்வை 1995 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1998 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நிக்கல்சுடன் இணைந்து அதனை இந்தியாவின் வேறு சில காடுகளுக்கும் விரிவாக்கினார். பிடித்தல் - மீண்டும் பிடித்தல் என்னும் பழைய புள்ளியியல் முறையே இதன் அடிப்படை. இங்கு பிடிபடுவது விலங்கு அன்று, அதன் படம்.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் சுற்றில் 20 வெவ்வேறு புலிகள் படமாகின்றன. இரண்டாம் சுற்றில் 15 புலிகள் படமாகின்றன. அவற்றுள் 10 புலிகள் முன்னரே படமானவை. அதாவது, இரண்டாம் சுற்றில் கண்டவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கனவே அறியப்பட்டவை. எனவே முதல் சுற்றின் 20 புலிகள் மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு எனக் கொள்ளலாம்.

மொத்தம் = (20 × 15) ÷ 10 = 30

இரு சுற்றுகளிலும் நேரில் படமானவை 25 புலிகள் மட்டுமே. எஞ்சிய 5 புலிகள் ஒருமுறையும் படத்தில் சிக்காதவை. அவை இருப்பதைக் கணக்கு காட்டுகிறது.

இக்கணக்கு சரியாக அமைய, ஆய்வுக் காலத்தில் பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் ஆகியவை மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஆகவே ஆய்வு சில வாரங்களுக்குள் முடிக்கப்படுகிறது. ஒவ்வொரு விலங்கும் பிழையின்றி அடையாளம் காணப்படுதலும் வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே புலியின் படங்களை வெவ்வேறு புலிகளுடையவை எனக் கருதி, பொருந்தியவை 10 என்பதற்குப் பதிலாக 6 என்று எண்ணிவிட்டால் விடை 50 ஆகிவிடும். அடையாளம் காண்பதில் நேரும் சில பிழைகள், இல்லாத 20 புலிகளைக் காகிதத்தில் உருவாக்கிவிடுகின்றன. இப்பிழையைக் குறைக்கவே வரிகளை ஒப்பிடும் மென்பொருள்கள் பயன்படுகின்றன. இத்தகைய ஒப்பீடு, பறிமுதல் செய்யப்பட்ட புலித்தோல் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதை அறியவும் உதவியுள்ளது.

2000களின் பிற்பகுதியிலிருந்து, விலங்கு எங்கெங்கு படமானது என்பதையும் கணக்கில் சேர்க்கும் இடஞ்சார் முறைகள் பரவலாயின. கேமராவுக்கு அருகில் வாழும் விலங்கு அடிக்கடியும் தொலைவில் வாழ்வது அரிதாகவும் படமாகும் என்பதை இவை கருத்தில் கொள்கின்றன.

இந்தியாவில் மதிப்பீடுகள்

அகில இந்தியப் புலிகள் மதிப்பீட்டின் முடிவுகள் பின்வருமாறு.

- 2006: இந்தியா 1,411, தமிழ்நாடு 76
- 2010: இந்தியா 1,706, தமிழ்நாடு 163
- 2014: இந்தியா 2,226, தமிழ்நாடு 229
- 2018: இந்தியா 2,967, தமிழ்நாடு 264
- 2022: இந்தியா 3,682, தமிழ்நாடு 306

2018 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு 3.48 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் புலிகள் இடம்பெற்றவை 76,651 மட்டுமே. 2022 ஆம் ஆண்டில் 32,588 இடங்களில் 4.7 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. 3,080 தனிப் புலிகள் அடையாளம் காணப்பட்டன. அம்மதிப்பீட்டின் மேல் எல்லை 3,925, சராசரி 3,682. செய்திகளில் ஒற்றை எண்ணாகத் தரப்படும் தொகை உண்மையில் ஒரு வீச்சின் நடுப்பகுதி என்பதை இது காட்டுகிறது. மதிப்பீடுதோறும் கேமராக்களின் எண்ணிக்கையும் ஆய்வுப் பரப்பும் கூடி வந்துள்ளதால், மேற்கண்ட உயர்வு முழுவதையும் புலிகளின் பெருக்கமாகக் கொள்ள இயலாது. முன்னர் தேடாத இடங்களில் தேடியதும் அதில் அடங்கும்.

தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி

அடர்ந்த காட்டில் கேமரா சில மீட்டர் தொலைவையே காணும். அதுவும் ஒரு திசையில் மட்டும். ஒலிவாங்கி எல்லாத் திசைகளிலிருந்தும் கேட்கும். உரத்த குரலுடைய விலங்காயின் பல நூறு மீட்டர் தொலைவும் அதற்கு எட்டும். இரவுப் பறவைகள், தவளைகள், வௌவால்கள், கிப்பன் குரங்குகள், திமிங்கிலங்கள் ஆகியவற்றின் ஆய்வில் ஒலிப்பதிவு முதன்மை இடம் பெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் சில தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பினும் குரலால் வேறுபடுகின்றன.

பதிவுக்கு உரிய மாதிரியெடுப்பு வீதம், ஆராயப்படும் ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவி 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதிவு செய்யும். பறவைகளுக்கு இது போதும். வௌவால்களின் மீயொலி 100 கிலோஹெர்ட்சையும் தாண்டக்கூடும் என்பதால் நொடிக்கு 2,56,000 அல்லது 3,84,000 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.

மறுமுனையில், யானைகள் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளை எழுப்புகின்றன. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன், காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பின்னர் செய்த பதிவுகளால் அது 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான அடிப்படை அதிர்வெண் கொண்ட யானைக் குரல் என்று உறுதியாயிற்று. இதன் தொடர்ச்சியாக 1999 ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம், நடு ஆப்பிரிக்கக் காடுகளில் கண்ணுக்குப் புலப்படாத காட்டு யானைகளை ஒலிப்பதிவால் கண்காணிக்கிறது. இப்பதிவுகளில் திருட்டு வேட்டையின் துப்பாக்கி ஓசையும் சேர்ந்தே பதிவாகிறது.

2017 ஆம் ஆண்டில் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆடியோமாத், உள்ளங்கையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஆகும். இதன் வடிவமைப்பு திறந்த முறையில் வெளியிடப்பட்டுள்ளது. விலை குறைவானதால் சிறிய ஆய்வுக் குழுக்களுக்கும் மாணவர்களுக்கும் இம்முறை எட்டியது.

பதிவு அட்டவணை

நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள் எனப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 346 மெகாபைட்டும் ஒரு நாளைக்கு 8.3 கிகாபைட்டும் ஆகும். 32 கிகாபைட் அட்டை நான்கு நாட்களுக்குள் நிரம்பிவிடும். பத்து நிமிடங்களுக்கு ஒரு நிமிடம் மட்டும் பதிவு செய்தால் அதே அட்டை ஐந்து வாரங்களுக்கு மேல் வரும். ஆயினும் அரிதாகக் குரல் கொடுக்கும் விலங்கு விடுபடும் வாய்ப்பு அதிகமாகும்.

குரலைக் கொண்டு தனி விலங்கைப் பிரித்தறிதல் பெரும்பாலான இனங்களில் எளிதன்று. எனவே ஒலிப்பதிவு, எண்ணிக்கையைவிட இருப்பையும் செயற்பாட்டையும் அறியவே மிகுதியும் பயன்படுகிறது.

தரவுகளைப் பகுத்தல்

தான்சானியாவின் செரெங்கெட்டியில் 2010 ஆம் ஆண்டு முதல் 225 கேமராக்கள் வைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளில் கிடைத்த ஏறத்தாழ 12 இலட்சம் படத்தொகுதிகளில் நான்கில் மூன்று பங்களவில் விலங்கே இல்லை. இவற்றை இணையவழித் தன்னார்வலர்கள் வகைப்படுத்தினர். அவ்வாறு பெயரிடப்பட்ட படங்களே பின்னர் கணினிகளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டன. இன்று வெறும் படங்களை நீக்குவதற்கு மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள்களும், பறவைக் குரல்களை அடையாளம் காண்பதற்கு கோர்னெல், கெம்னிட்ஸ் பல்கலைக்கழகங்களின் பேர்ட்நெட் மென்பொருளும் பயன்படுகின்றன.

அரிய உயிரினங்களில் கணினியின் முடிவை அப்படியே ஏற்பது பிழைக்கு வழிவகுக்கும். 10,000 ஒரு நிமிடப் பதிவுகளுள் 10 இல் மட்டும் ஓர் அரிய பறவை ஒலிப்பதாகக் கொள்வோம். மென்பொருள் அவற்றுள் 9 ஐக் கண்டுபிடிக்கிறது. பறவை இல்லாத பதிவுகளில் 100 க்கு 1 இல் மட்டும் தவறாக உண்டு என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறந்த மென்பொருள். ஆனால் தவறான அறிவிப்புகள் ஏறத்தாழ 100 ஆகிவிடும். கிடைக்கும் 109 அறிவிப்புகளில் உண்மையானவை 9 மட்டுமே. எனவே அறிவிப்புகளை அறிந்தவர் ஒருவர் செவியால் கேட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது. மேலும், பயிற்சிப் பதிவுகள் ஐரோப்பிய, வட அமெரிக்க இனங்களுக்கு மிகுதியாகக் கிடைப்பதால் வெப்பமண்டல இனங்களில் பிழைகள் கூடக்கூடும்.

காணாமையும் இல்லாமையும்

ஓர் இடத்தில் ஒரு விலங்கு பதிவாகாததால் அது அங்கு இல்லை எனக் கூற இயலாது. ஒரு விலங்கு இருக்கும் இடத்தில் ஓர் இரவில் அது பதிவாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று எனக் கொண்டால், பத்து இரவுகள் காத்திருந்தும் பதிவாகாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு. முப்பது இரவுகளுக்குப் பின்னரே அது 4 விழுக்காடாகக் குறைகிறது. இவ்வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடும் வாழிட நிரப்பு முறை 2002 ஆம் ஆண்டு முதல் பரவலாயிற்று.

1961 ஆம் ஆண்டுக்குப் பின் அறிவியலாளர் பதிவு செய்யாத அட்டன்பரோ நீள்மூக்கு எக்கிட்னாவைத் தேடி 2023 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் சைக்ளோப்சு மலைக்கு ஒரு குழு சென்றது. எண்பதுக்கும் மேற்பட்ட கேமராக்கள் வைக்கப்பட்டன. பயணத்தின் இறுதி நாளில், இறுதி நினைவக அட்டையிலேயே அவ்விலங்கின் படங்கள் இருந்தன. மாறாக, வியட்நாம், லாவோசு நாடுகளின் எல்லை மலைகளில் வாழும் சாவோலா என்னும் மாட்டினம் 2013 ஆம் ஆண்டில் கேமராவில் பதிவான பின்னர் மீண்டும் பதிவாகவில்லை. அது அழிந்துவிட்டதா, கருவிகளின் கண்ணில் படாமல் இருக்கிறதா என்பதைப் படமில்லாமை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

உடனடி எச்சரிக்கை

மேற்கூறிய முறைகளில் பதிவுகள் பின்னரே ஆராயப்படுகின்றன. விபத்தைத் தடுக்க உடனடிச் செய்தி தேவை. கோயம்புத்தூரை அடுத்த எட்டிமடை - வாளையாறு இருப்புப்பாதையில் பல யானைகள் தொடர்வண்டி மோதி இறந்துள்ளன. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரே விபத்தில் மூன்று யானைகள் இறந்தன. 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்களில் வெப்பப்பதிவு கேமராக்களையும் சாதாரண கேமராக்களையும் பொருத்தியது. பாதையை யானை நெருங்கும்போது கணினி அதனை அடையாளம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கிறது. அங்கிருந்து வனப் பணியாளருக்கும் தொடர்வண்டித் துறைக்கும் செய்தி செல்கிறது.

மனிதர்களும் தனியுரிமையும்

காட்டில் வைக்கப்படும் கருவி விலங்குகளை மட்டும் பதிவு செய்வதில்லை. விறகு, புல், தேன் முதலியவற்றுக்காகக் காட்டைச் சார்ந்து வாழ்வோரும் அதில் பதிவாகின்றனர். உத்தராகண்டத்தின் கார்பெட் பகுதியில் நடத்தப்பட்டு 2024 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, காட்டைத் தமக்குரிய தனியிடமாகக் கருதிய பெண்கள் கேமராக்களால் அச்சமுற்று, தம் வழிகளையும் வழக்கங்களையும் மாற்றிக்கொண்டதைப் பதிவு செய்தது. பாட்டையும் பேச்சையும் தணித்துக்கொண்டு காட்டுக்குள் சென்றால், எதிரில் வரும் யானையோ புலியோ அவர்கள் வருவதை அறியாது. கருவி இருப்பதை ஊராருக்கு முன்கூட்டியே தெரிவித்தல், மனிதர் படங்களை உடனே அழித்தல், உரையாடல் பதிவாகும் இடங்களில் ஒலிவாங்கிகளைத் தவிர்த்தல் ஆகியவை இதற்குரிய முறைகள்.

அரிய விலங்குகளின் படங்களோடு இடக்குறிப்பும் வெளியானால் வேட்டைக்காரர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும். ஆகவே பொதுவில் வெளியிடப்படும் படங்களிலிருந்து இடக்குறிப்புகள் நீக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- புலி
- ஆசிய யானை
- சரிசுகா தேசியப் பூங்கா
- முதுமலை புலிகள் காப்பகம்
- மீயொலி
- புள்ளியியல்